கசிவின் மொழி

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஓடித் தேய்ந்த காரின் அடியில் காலையில் ஒரு கறை தெரிகிறது. சிலர் அதைக் கண்டு அஞ்சுகின்றனர்; சிலர் கண்டும் காணாமல் வண்டியை எடுத்துச் செல்கின்றனர். அந்தக் கறை எந்த நீர்மத்தால் ஆனது, எங்கிருந்து வந்தது, எவ்வளவு விரைவாகச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்டவரே உரிய முடிவை எடுக்க முடியும். பள்ளிப் பாடத்தில் கற்ற இயற்பியலும் வேதியியலும் தெருவோரப் பட்டறையில் எவ்வாறு உயிர் காக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூப்பும் கசிவும்

நம் நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வில் தேறும் வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவு புதுப்பிக்கப்படுகிறது. இரண்டு இலட்சம் கிலோமீட்டரைக் கடந்த கார்கள் இன்றும் பல குடும்பங்களின் பிழைப்புக்குத் துணையாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக அமைந்த குறை கசிவு ஆகும்.

காரின் உள்ளே பல நீர்மங்கள் ஓயாமல் இயங்குகின்றன. இயந்திர எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது. குளிர்விப்பு நீர்மம் வெப்பத்தை அகற்றுகிறது. தடை நீர்மம் காலின் அழுத்தத்தைச் சக்கரத்திற்குக் கொண்டு செல்கிறது. எரிபொருள் ஆற்றலைத் தருகிறது. இவை அனைத்தும் உலோகக் கூடுகளுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் அடைபட்டுள்ளன. இரண்டு உலோகப் பகுதிகள் சேரும் இடத்தில் இடைவெளியை மூடுவது 'பேக்கிங்' எனப் பட்டறையில் வழங்கப்படும் கேஸ்கட் ஆகும். சுழலும் தண்டு கூட்டைவிட்டு வெளியே வரும் இடத்தில் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது 'ஆயில் சீல்' எனப்படும் ரப்பர் வளையம் ஆகும். இவ்வளையத்தின் மெல்லிய உதடு சுழலும் தண்டைத் தழுவியபடியே இருக்கும்.

ரப்பர் நெகிழ்வுள்ள பொருள். ஆனால் இயந்திரத்தின் வெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் வெந்தபின் அது இறுகிவிடுகிறது. நெகிழ்வை இழந்து விரிசல் விடுகிறது. தண்டில் ஓயாது உரசிய உதடு தேய்வதோடு, தண்டின் மீதும் மெல்லிய பள்ளத்தை ஏற்படுத்திவிடுகிறது. தக்கையால் ஆன பழைய பேக்கிங் உலர்ந்து சுருங்குகிறது. பல மாதங்கள் ஓடாமல் நிற்கும் வண்டியிலும் எண்ணெய் படாத ரப்பர் உலர்ந்து போகும். ஆகவே, ஓடிய தொலைவு மட்டுமன்றிக் கழிந்த காலமும் கசிவுக்குக் காரணமாகிறது.

பொசிதலும் சொட்டுதலும்

நீர்மம் வெளியேறுவதைக் குறிக்கத் தமிழில் பல சொற்கள் உள்ளன. பொசிதல், கசிதல், துளிர்த்தல், சொட்டுதல், ஒழுகுதல், பீறிடுதல் என ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவைச் சுட்டுகிறது. பேச்சில் நாம் இவற்றை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பயன்படுத்துவதுண்டு. வண்டியைப் பழுதுபார்ப்பவருக்கோ இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது.

அமெரிக்கத் தரைப்படையின் வண்டிப் பராமரிப்புக் கையேடுகள் கசிவை மூன்று வகுப்பாகப் பிரிக்கின்றன. மேற்பரப்பு ஈரமாக இருந்தும் துளி உருவாகாத நிலை முதல் வகுப்பு. துளி உருவாகியும் ஆய்வு செய்யும் வேளையில் கீழே விழாத நிலை இரண்டாம் வகுப்பு. துளி திரண்டு கீழே விழும் நிலை மூன்றாம் வகுப்பு. இவற்றை முறையே பொசிதல், துளிர்த்தல், சொட்டுதல் என நாம் கூறலாம். பழைய இயந்திரத்தில் எண்ணெய் பொசிவதைக் கண்காணித்து வரலாம். சொட்டத் தொடங்கினால் காரணத்தைக் கண்டறிந்தாக வேண்டும்.

சொட்டின் அளவை எளிய கணக்கால் அறியலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 துளிகள் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு ஒரு துளி விழுந்தால் ஒரு நாளில் 1440 துளிகள் விழும். அது 72 மில்லிலிட்டர். 30 நாள்களில் அது 2160 மில்லிலிட்டர், அதாவது இரண்டு லிட்டருக்கும் மிகுதி. எண்ணெய்த் துளி நீர்த்துளியினும் சிறியது என்பதால் இதில் பாதியே வெளியேறுவதாகக் கொண்டாலும் மாதத்திற்கு ஒரு லிட்டருக்கு மேல் குறைந்துவிடும். சிறிய கார் ஒன்றின் இயந்திரம் கொள்ளும் எண்ணெய் ஏறத்தாழ மூன்று லிட்டரே. ஒரு துளிதானே என்று எண்ணி அளவுகோலைப் பார்க்காமல் ஓட்டுபவரின் இயந்திரம், சில மாதங்களில் எண்ணெயின்றி இறுகி நின்றுவிடக்கூடும்.

நிறமும் மணமும் இடமும்

துளி எந்த நீர்மம் என்பதை அறிய இரவில் வண்டியின் அடியில் வெள்ளை அட்டை ஒன்றை விரித்துவைத்தல் எளிய வழி. காலையில் அட்டையில் உள்ள கறையின் நிறம், மணம், பிசுபிசுப்பு ஆகியவற்றோடு அது விழுந்த இடத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இயந்திர எண்ணெய்: புதிதாக இருக்கையில் தேன் நிறம்; ஓடியபின் கரும்பழுப்பு. விரலில் வழுக்கும். வண்டியின் முன்பகுதியிலும் நடுப்பகுதியிலும் விழும்.

கியர் எண்ணெய்: தடித்தது. கந்தகம் கலந்த கடுமணம் உடையது. கியர்ப்பெட்டிக்கோ பின் அச்சுக்கோ கீழே விழும்.

குளிர்விப்பு நீர்மம்: பச்சை, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், நீலம் எனப் பல நிறங்களில் விற்கப்படுகிறது. மெல்லிய இனிப்பு மணம் உண்டு. உலர்ந்த இடத்தில் வண்ணப் பொருக்கு படியும்.

தடை நீர்மம்: நிறமற்றது அல்லது வெளிர் மஞ்சள், பழையதானால் பழுப்பு. சக்கரத்தின் உட்புறத்திலோ கால்மிதிக்கு நேர் முன்னாலோ ஈரம் தெரியும். வண்டியின் வண்ணப்பூச்சை அரிக்கும்.

திசைமாற்றி நீர்மம்: பல வண்டிகளில் சிவப்பு, சிலவற்றில் தேன் நிறம். முன்சக்கரங்களுக்கு இடையே விழும்.

எரிபொருள்: பெட்ரோல் கறையைவிட மணத்தாலேயே அறியப்படும், விழுந்த உடனே ஆவியாகிவிடும். டீசல் எண்ணெய்ப் பசையுடன் தங்கும்.

தெளிந்த நீர்: குளிர்சாதனம் இயங்கும்போது காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து நீராகி வெளியேறுகிறது. இது குறையன்று, இயல்பான செயல்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் தவறாகலாம். குளிர்விப்பு நீர்மத்தின் நிறம் அதில் சேர்க்கப்பட்ட சாயத்தைப் பொறுத்தது. ஆகவே நிறம், மணம், இடம் ஆகிய மூன்றும் ஒத்துவருகின்றனவா என நோக்க வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டறிதல்

துளி விழும் இடம் வேறு. கசிவு தொடங்கும் இடம் வேறு. எண்ணெய் புவியீர்ப்பால் கீழ்நோக்கி வழிகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றால் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. இயந்திரத்தின் தலைப்பகுதியில் உள்ள டேப்பட் மூடியில் தோன்றிய கசிவு, சுவர் வழியே இறங்கி அடித்தட்டின் பின்முனையில் துளியாக விழும். கீழே பார்ப்பவர் அடித்தட்டின் பேக்கிங்கை மாற்றச் சொல்வார். பணம் செலவாகும், கசிவு நிற்காது. ஈரமாயுள்ள இடங்களுள் மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ள இடத்தையே முதலில் ஐயுற வேண்டும் என்பது தேர்ந்த பழுதுபார்ப்பவர்கள் கைக்கொள்ளும் நெறி.

அதற்கு முதற்படி தூய்மை செய்தல். அழுக்கும் எண்ணெயும் படிந்த இயந்திரத்தைக் கழுவி உலர்த்தியபின் சிறிது தொலைவு ஓட்டிப் பார்த்தால், புதிய ஈரம் எங்கே தோன்றுகிறது என்பது தெரியும். அதிலும் தெரியாவிட்டால் எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டிப் புறஊதா விளக்கின் ஒளியில் பார்ப்பர். குளிர்விப்பு அமைப்பைச் சோதிக்க ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பைப் பொருத்தி அழுத்தம் ஏற்றுவர். அழுத்தமானி காட்டும் அளவு இறங்கினால் எங்கோ கசிவு உண்டு.

சில பொறியாளர்கள் கசிவை அறிவிக்கவே வழி அமைத்துள்ளனர். நீர்ப்பம்பின் கூட்டில் சிறிய துளை ஒன்று இருக்கும். பம்பின் உள்வளையம் தேயும்போது நீர்மம் இத்துளை வழியே வெளியே வரும். அறியாதவர் அத்துளையை அடைத்துவிடுவதுண்டு. அடைத்தால் நீர்மம் சுழலும் தாங்கிக்குள் புகுந்து பம்பையே அழித்துவிடும். துளை அறிவிப்பது பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது என்பதையே.

இடத்தைக் கண்டபின் காரணத்தையும் காண வேண்டும். பழைய இயந்திரத்தில் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருப்பதால் எரிந்த வாயுவின் ஒரு பகுதி கீழே உள்ள எண்ணெய் அறைக்குள் புகும். அவ்வாயு வெளியேறுவதற்கெனச் சுவாசக் குழாயும் அடைப்பிதழும் அமைக்கப்பட்டுள்ளன. அவை எண்ணெய்க் கசடால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் பெருகி, வலுவற்ற வளையங்களின் வழியே எண்ணெய் தள்ளப்படும். சுவாசக் குழாயைத் தூய்மை செய்யாமல் வளையத்தை மட்டும் மாற்றினால் புதிய வளையமும் சில நாள்களில் கசியும். டேப்பட் மூடி கசிகிறதென்று அதன் திருகுகளை மேலும் மேலும் முறுக்குவதும் பயன் தராது. தகட்டால் ஆன மூடி வளைந்து, இடைவெளி முன்னினும் பெரிதாகும்.

தெரிந்து தெளிவோம்

பிரித்தானியாவின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு உருவானது அம்பாசிடர் கார். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதி முதல் 2014 வரை இது உருவாக்கப்பட்டது. நெடுங்காலம் இதில் பொருத்தப்பட்ட 1489 கன சென்டிமீட்டர் இயந்திரம் பிரித்தானியாவின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. அவ்வரிசையின் தொடக்ககால வடிவங்களில் முதன்மைத் தண்டின் பின்முனையில் ரப்பர் வளையம் கிடையாது. மாறாக, மரை போன்ற சுருள்வரி ஒன்று வெட்டப்பட்டிருக்கும். தண்டு சுழலும்போது அச்சுருள்வரி எண்ணெயை உள்நோக்கித் திருப்பி அனுப்பும். தேய்மானம் மிகுந்தாலோ உள்ளழுத்தம் கூடினாலோ சில துளிகள் வெளியே விழும். அவ்வண்டிகளைப் பேணியவர்கள் அத்துளிகளின் இயல்பான அளவை அறிந்திருந்து, அது மிகும்போது மட்டுமே பழுது எனக் கொண்டனர்.

காத்திருக்காத கசிவு

எண்ணெய்க் கசிவு தரையில் பெரிய கறையை ஏற்படுத்துகிறது. அதனால் அனைவர் கண்ணிலும் படுகிறது. தடை நீர்மக் கசிவோ சக்கரத்தின் உட்புறத்தில் கைப்பிடியளவு ஈரமாக மறைந்திருக்கும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இக்கசிவே உயிருக்குப் பெரும் இடர் தருவது.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் குறையாமல் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. 17-ஆம் நூற்றாண்டில் கண்டறியப்பட்ட இவ்விதியின்படியே காரின் தடை அமைப்பு இயங்குகிறது. காலால் மிதித்தவுடன் மாஸ்டர் சிலிண்டரில் தோன்றும் அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களையும் அடைகிறது. நீர்மம் எளிதில் அமுங்காத பொருள் என்பதால்தான் இது நிகழ்கிறது. கசிவினால் நீர்மம் வெளியேறிக் காற்று உள்ளே புகுந்தால், காற்று அமுங்கும் இயல்புடையதாகையால், காலின் அழுத்தம் காற்றை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கும், வண்டி நிற்காது.

பின்சக்கரத்தின் வீல் சிலிண்டரில் உள்ள ரப்பர்க் கிண்ணம் தேய்ந்து நீர்மம் கசிந்தால், அது உராய்வுப் பட்டையை நனைத்துவிடும். நனைந்த பட்டை பிடிப்பதில்லை. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பிடிக்காதபோது வண்டி ஒருபுறமாக இழுக்கும். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளேயே கசிவு ஏற்பட்டால் வெளியே ஒரு துளியும் தெரியாது. வண்டி நிற்கையில் மிதியை ஒரே அளவில் அழுத்திப் பிடித்திருக்கும்போது அது மெல்லக் கீழே இறங்கினால் அக்கசிவை ஐயுறலாம். உராய்வுப் பட்டைகள் தேயத் தேய நீர்மக் கலத்தின் மட்டம் சிறிது சிறிதாகத் தாழ்வது இயல்பு. திடீரெனத் தாழ்ந்தால் அது கசிவே.

தடை நீர்மத்தைப் பேச்சு வழக்கில் 'பிரேக் ஆயில்' என்கிறோம். இப்பெயர் மயக்கம் தருவது. பெரும்பாலான கார்களில் பயன்படும் இந்நீர்மம் கிளைக்கால் வகை வேதிப்பொருள்களால் ஆனது, எண்ணெய் அன்று. பெயரை நம்பி இயந்திர எண்ணெயை அக்கலத்தில் ஊற்றினால், அமைப்பிலுள்ள ரப்பர் உறுப்புகள் அனைத்தும் ஊதிப் பழுதாகிவிடும்.

இந்நீர்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. 'டாட் 3' தர நீர்மத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 பாகை செல்சியஸ் மட்டுமே. மலைப்பாதையில் தொடர்ந்து தடையை மிதித்து இறங்கும்போது எழும் வெப்பத்தில் பழைய நீர்மம் கொதித்து ஆவியானால், காற்று புகுந்ததற்கு ஒப்பான விளைவே ஏற்படும். ஈரம் உலோகத்தையும் துருப்பிடிக்கச் செய்து புதிய கசிவுக்கு வழி வகுக்கும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீர்மத்தை மாற்றுமாறு பல உற்பத்தியாளர்கள் அறிவுறுத்துகின்றனர்.

எதை முதலில் சரிசெய்வது?

ஒரு சூழலைக் கருதிப் பார்ப்போம். வாடகைக் கார் ஓட்டிக் குடும்பம் நடத்தும் இளைஞர் ஒருவரின் வண்டி இரண்டு இலட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடியுள்ளது. இயந்திரத்தின் பின்முனையில் எண்ணெய் சொட்டுகிறது. டேப்பட் மூடி பொசிகிறது. ரேடியேட்டரின் மேல்குழாய் விரிசல் கண்டு ஈரமாக உள்ளது. டீசல் குழாய் ஒன்று நனைந்திருக்கிறது. இடப்புறப் பின்சக்கரத்தின் உட்புறத்தில் தடை நீர்மத்தின் ஈரம் தெரிகிறது. அனைத்தையும் சரிசெய்யக் கையில் பணமில்லை.

"அண்ணே, தரையெல்லாம் ஆயிலா இருக்கு. சவாரிக்கு வர்றவங்க முகம் சுளிக்கிறாங்க. முதல்ல அதை நிறுத்திக் குடுங்க" என்கிறார் அவர்.

"தம்பி, ஆயில் ஒழுகினா வண்டி நிக்கும். பிரேக் ஒழுகினா வண்டி நிக்காது. எதுக்கு முதல்ல காசு போடணும்னு நீயே சொல்லு" என்கிறார் பட்டறைக்காரர்.

இவ்விடையில் அடங்கியுள்ள வரிசைமுறை தெளிவானது. உயிருக்கு இடர் தரும் கசிவு முதலிடம் பெறும். எனவே இருபுறப் பின்சக்கரங்களின் வீல் சிலிண்டர்களும் நனைந்த உராய்வுப் பட்டைகளும் மாற்றப்பட்டு, அமைப்பிலுள்ள காற்று வெளியேற்றப்பட வேண்டும். அதுவரை வண்டி சாலைக்குச் செல்லலாகாது. தீப்பற்றக்கூடிய எரிபொருள் கசிவு அடுத்தது. அதற்குரிய குழாயின் விலை சிறிது. விட்டுவைத்தால் விளையும் கேடு பெரிது. பெட்ரோல் வண்டியாயின் இதுவும் உடனே செய்ய வேண்டியதே. எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென உருவாக்கப்படாத பழைய ரப்பர்க் குழாய்களை விரைவில் தளரச் செய்யவும்கூடும்.

மூன்றாவது ரேடியேட்டர் குழாய். அது வழியில் வெடித்தால் குளிர்விப்பு நீர்மம் முழுதும் வெளியேறி, சில நிமிடங்களில் இயந்திரத்தின் தலைப்பகுதி வெப்பத்தால் வளைந்துவிடும். சிறு செலவில் முடிவதைத் தள்ளிப்போட்டால் இயந்திரத்தையே பிரித்து அடுக்க நேரும். நான்காவது டேப்பட் மூடியின் பேக்கிங். வெளியேற்றக் குழாயின் மீது எண்ணெய் படாதவரை இது காத்திருக்கலாம். சூடான குழாயில் எண்ணெய் பட்டுப் புகை எழுந்தால் முன்னதாகவே செய்ய வேண்டும்.

தரையில் பெருங்கறை ஏற்படுத்தும் பின்முனைக் கசிவு இறுதியில் வருகிறது. அதற்கான வளையத்தின் விலை குறைவு. ஆனால் அதை மாற்றக் கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும், கூலியே பெருஞ்செலவு. கிளட்ச் தட்டை மாற்றும் காலம் வரும்போது எப்படியும் கியர்ப்பெட்டி இறக்கப்படும். அப்போது வளையத்தையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலியில் இரு வேலைகள் முடியும். அதுவரை எண்ணெய் மட்டத்தை வாரந்தோறும் பார்த்து ஊற்றிவருதல் போதும்.

வழிநடைத் தீர்வுகள்

நெடுஞ்சாலையில் உதவியின்றி நிற்கும் ஓட்டுநர்கள் தம் பட்டறிவால் பல உத்திகளைக் கண்டறிந்துள்ளனர். ரேடியேட்டரில் நுண்துளை விழுந்தால் மஞ்சள் தூளைப் போடுவர்; தூள் ஊறிப் பருத்துத் துளையில் அடையும். எரிபொருள் கலத்தில் விரிசல் கண்டால் சலவைச் சோப்பை அழுத்தித் தேய்ப்பர். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாததால் சிறிது நேரம் தாங்கும். இவை பட்டறை வரை சென்று சேர உதவும் வழிகள். நிலையான தீர்வுகள் அல்ல. துளையை அடைக்கும் தூள் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைத்து இயந்திரம் சூடேறக் காரணமாகலாம். கடைகளில் விற்கும் கசிவடைப்பு மருந்துகளுக்கும் இது பொருந்தும். மிகுதொலைவு ஓடிய வண்டிகளுக்கென விற்கப்படும் எண்ணெய்களில் ரப்பரைச் சிறிது பருக்கச் செய்யும் பொருள்கள் உள்ளன. அவை பொசிவைக் குறைக்கக்கூடும். தேய்ந்த உதட்டையோ பள்ளம் விழுந்த தண்டையோ சீராக்கமாட்டா.

ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றும் வழக்கம் பரவலாக உள்ளது. உப்புச் செறிந்த நீர் உட்புறத்தில் படிவை உண்டாக்கும், துருவைப் பெருக்கும். அத்துருவே நாளடைவில் துளையாகிக் கசிகிறது. உற்பத்தியாளர் குறித்த அளவில் குளிர்விப்பு நீர்மத்தையும் காய்ச்சி வடித்த நீரையும் கலந்து ஊற்றுதல் கசிவை வருமுன் காக்கும் வழியாகும்.

கசிவைத் தேடும்போது சில எச்சரிக்கைகள் தேவை. சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கலாகாது. அழுத்தத்தில் உள்ள நீர்மம் 100 பாகை செல்சியசுக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கியதும் கொதித்துப் பீறிட்டு முகத்தைச் சுடும். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டியின் அடியில் நுழையலாகாது. உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும்.

நிலத்தில் விழும் துளி

வண்டியிலிருந்து விழுந்த துளி மறைந்துவிடுவதில்லை. மழைநீரோடு கலந்து வடிகாலையும் ஏரியையும் அடைகிறது. பயன்படுத்தப்பட்ட எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிதலில் உண்டான நச்சுப் பொருள்களும் கலந்துள்ளன. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு தீங்குதரும் கழிவு மேலாண்மை விதிகள் இதனைத் தீங்குதரும் கழிவாக வகைப்படுத்தியுள்ளன. பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் கலத்தில் சேர்த்து, உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்தால் அது தூய்மை செய்யப்பட்டு மீண்டும் எண்ணெயாகும்.

குளிர்விப்பு நீர்மத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. சிறுநீரகத்தை அழிக்கும் நஞ்சுமாகும். வாசலில் தேங்கிய சிறு குட்டையை நாயோ பூனையோ நக்கினால் இறந்துபோகும். குழந்தைகளுக்கும் அதே இடர் உண்டு. எனவே சிந்திய நீர்மத்தை மணலோ மரத்தூளோ கொண்டு ஒற்றியெடுத்து, இடத்தைக் கழுவுதல் வண்டி வைத்திருப்போரின் கடமையாகும்.

கசிவற்ற பழைய வண்டி அரிது. கசிவுகளை அறிந்து வைத்திருக்கும் உரிமையாளரிடம் உள்ள பழைய வண்டியோ நம்பத்தக்கது. வாரம் ஒருமுறை எண்ணெய், குளிர்விப்பு நீர்மம், தடை நீர்மம் ஆகியவற்றின் மட்டங்களைப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தால் எது குறைகிறது, எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பது தெளிவாகும். ஐந்து நிமிட வேலை அது. வண்டியில் ஏறுவோர் அனைவரின் பாதுகாப்பும் அந்த ஐந்து நிமிடங்களைப் பொறுத்துள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள வண்டியின் அடியில் ஓர் இரவு வெள்ளை அட்டையை விரித்துவைத்து, காலையில் கண்டவற்றை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று பழுதுபார்ப்பவர்கள் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுக்குத் தமிழில் விளக்கம் எழுதுக.
3. 'பழைய வண்டியைப் பேணுதல் – புதிய வண்டியை வாங்குதல்' என்னும் பொருளில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. துளி உருவாகியும் ஆய்வின்போது கீழே விழாத நிலை
அ) பொசிதல் ஆ) துளிர்த்தல் இ) சொட்டுதல் ஈ) பீறிடுதல்

2. தடை அமைப்பில் காற்று புகுந்தால் வண்டி நிற்காமைக்குக் காரணம்
அ) காற்று வெப்பமானது ஆ) காற்று இலேசானது இ) காற்று அமுங்கும் இயல்புடையது ஈ) காற்று ஈரமானது

குறுவினா

1. 'பிரேக் ஆயில்' என்னும் வழக்கு எவ்வாறு மயக்கம் தருகிறது?
2. நீர்ப்பம்பின் கூட்டிலுள்ள துளையை ஏன் அடைக்கலாகாது?

சிறுவினா

1. துளி விழும் இடத்தைக் கொண்டு கசிவின் தொடக்கத்தை முடிவு செய்ய இயலாமைக்குக் காரணங்களைக் கூறுக.
2. வழிநடைத் தீர்வுகளின் பயனையும் குறையையும் எழுதுக.

நெடுவினா

ஐந்து கசிவுகள் உள்ள வண்டியை எவ்வரிசையில் பழுதுபார்க்க வேண்டும் என்பதைக் கட்டுரைவழி நிறுவுக. பின்முனை எண்ணெய்க் கசிவு இறுதியிடம் பெறுவதை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் காட்டுக.

கலைச்சொல் அறிவோம்

ஆயில் சீல் – எண்ணெய்த் தடுப்பு வளையம்
கேஸ்கட் – இடையடைப்பு
கூலன்ட் – குளிர்விப்பு நீர்மம்
பிரேக் ஆயில் – தடை நீர்மம்
பவர் ஸ்டியரிங் ஆயில் – திசைமாற்றி நீர்மம்
கிராங்க் ஷாஃப்ட் – முதன்மைத் தண்டு
பேரிங் – தாங்கி